பின்வளவில் நாலு கஞ்சாச் செடி

மே 19

விக்ரோரியா நாள் விடுமுறை. ஸ்காபரோவில் பின்வளவு வைத்திருக்கும் தமிழர் எல்லோரும் இன்றைக்குத்தான் மண்ணில் கை வைப்பார்கள். அதற்கு முன் நட்டால் உறைபனி தின்றுவிடும். மாமா விடியவே எழும்பி, குளிர்காலம் முழுவதும் முன்னறை யன்னலோரம் இருந்த கறிவேப்பிலைச் சாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்தார். இந்த வீட்டின் நல்ல வெயில் இருக்கும் இடம் அந்த யன்னலோரம்தான். நாலு வருடமாக அங்கே ஒரு கதிரை போட எனக்கு இடம் கிடைக்கவில்லை.

அவர் முடிக்கும் வரை காத்திருந்து, நிலக்கீழ் அறையில் நான் வளர்த்த நாலு கஞ்சாக் கன்றுகளையும் கொண்டு வந்தேன். கொட்டிலுக்குப் பின்னால், வேலியோரம், ஒன்றும் முளைக்காத ஒரு மூலை இருக்கிறது. அங்கே நட்டேன். இதற்கு முன் நான் ஒரு மிளகாய்க் கன்றுகூட நட்டதில்லை.

மாமி குசினி வாசலில் நின்றார்.

"வெக்கமில்லையோ பிள்ளை? ஊரில எண்டால் இப்ப பொலிஸ் வந்து நிக்கும்."

"இங்க வராது மாமி. ஒரு வீட்டுக்கு நாலு செடி வைக்கலாம் எண்டு சட்டம் இருக்கு."

"பொலிஸ் வராட்டிச் சனம் வரும்."

மாமாவின் பதிலை மத்தியானம் பார்த்தேன். தன் கத்தரிப் பாத்திக்கும் என் மூலைக்கும் நடுவே நாலு முளை அடித்து நைலோன் கயிறு கட்டியிருந்தார். நாடுகளின் எல்லைகளைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் வாசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லைக்கோடுகளை வரைந்தவர்களில் அநேகர் அந்த நிலத்தைப் பார்த்ததே இல்லையாம். மாமா அவர்களைவிட மேல். பார்த்துத்தான் கட்டினார்.

மே 21

காரணத்தை ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு எனக்கு வெளியிலும் வளர்கிறது. மாதத்தில் சில நாட்கள் நிமிர்ந்து நிற்க முடியாது. சத்திரசிகிச்சைக்கு அடுத்த இளவேனிலில்தான் இடம் கிடைத்திருக்கிறது. கடையில் வாங்கிய கஞ்சா எண்ணெய் உதவியது. பங்குனியில் மாமி அந்தச் சீசாவைக் கண்டுபிடித்து, என் முன்னாலேயே தொட்டிக்குள் ஊற்றினார். "வெறிக்குத்தானே" என்றார். நான் ஓம் என்றேன். என் உடம்பைப் பற்றி இவர்களுக்கு விளக்கம் சொல்வதைவிட வெறிகாரி என்ற பெயர் எனக்குப் பரவாயில்லை. நிரூபனுக்குத் தெரியும். அவர் என் கணவர், இவர்களின் மகன். தெரிந்திருப்பது அவருடைய வேலை.

சீசாவை ஊற்றலாம். மண்ணில் நிற்பதை ஊற்ற முடியாது.

மே 30

நத்தை ஒரு கன்றின் அடியிலையைத் தின்றிருக்கிறது. பக்கத்திலேயே மாமாவின் கத்தரி முழுசாக நிற்கிறது. நத்தையும் அந்தக் கட்சி.

ஜூன் 10

துடக்கு நாட்களில், அதாவது மாதவிலக்கின்போது, நான் மாமாவின் பாத்திகளைத் தாண்டக் கூடாது. பயத்தங்கொடி வாடிவிடும், கறிவேப்பிலை கருகிவிடும் என்பது மாமியின் முடிவு. எனவே என் செடிகளுக்குத் தண்ணீர் விடுவதற்கு முன்வாசலால் வெளியே போய், வீட்டைச் சுற்றி, பக்கத்துக் கதவைத் திறந்து வர வேண்டும். கையில் வாளி. வயிற்றுக்குள் ஒருவர் துணி பிழிவது போல இருந்தது. முன்வீட்டுச் சீனக் கிழவர் எனக்குக் கை காட்டினார். நானும் வாளியை வைத்துவிட்டுக் காட்டினேன்.

திரும்பி வரும்போது நேராக வந்தேன். பாகற்கொடியைக் கையால் தடவிக்கொண்டு வந்தேன். ஒருவரும் காணவில்லை.

ஜூன் 23

பாகல் பிஞ்சு பிடித்திருக்கிறது, போன வருடத்தைவிட அதிகம். மாமி எல்லோருக்கும் ஃபோனில் சொல்கிறார்.

ஜூன் 24

ஒட்டாவாவில் ஓர் ஆவணக் காப்பகத்தில் எனக்கு முழுநேர வேலை தர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே நூலகத்தில் நான் செய்வது புத்தகங்களைத் தட்டில் திருப்பி அடுக்குவது. அங்கே வாசிக்கலாம். ஒக்ரோபர் முதல் வாரம் சேர வேண்டும். இலையுதிர்காலத் தொடக்கத்துக்குள் பதில் சொன்னால் போதும்.

நிரூபனிடம் காருக்குள் வைத்துச் சொன்னேன். இந்த வீட்டில் நாங்கள் தனியாகப் பேசும் அறை அதுதான்.

"ஒரு வருஷம் மட்டும் அப்பா அம்மாவோட எண்டு சொன்னனீங்கள்."

"சொன்னனான்தான். இப்ப விட்டிட்டுப் போனால் அவையள் என்ன செய்யிறது, சிந்து?"

"அப்ப நான் மட்டும் போறன்."

"உமக்கு என்னதான் வேணும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் நீண்ட பதில் இருந்தது. சுருக்கமானதைச் சொன்னேன். "அந்த நாலு செடியும். இந்த வீட்டில என்ரை எண்டு அது மட்டும்தான் நிக்குது. ஒருத்தரும் கை வைக்காமல் நான் அதை வெட்டி முடிச்சால், வேலை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு இங்க இருக்கிறன். ஒருத்தர் கை வைச்சாலும் போறன்."

அவர் சிரிக்கப் பார்த்து, என் முகத்தைக் கண்டு நிறுத்தினார். "சரி. தொடவேண்டாம் எண்டு சொல்லுறன்."

சொன்னார். சாப்பாட்டு மேசையில், இறைச்சிக் கறிக்கும் சொதிக்கும் இடையில், தலையைக் குனிந்துகொண்டு, "சிந்துவின்ரை செடியை ஒருத்தரும் தொடாதேங்கோ" என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

"ஆர் உதைத் தொடப்போறது?" என்றார் மாமி. "தொட்ட கையைக் கழுவ இந்த வீட்டில தண்ணி காணாது."

ஜூலை 12

மாமா தண்ணீர்க் குழாயின் பிடியைக் கழற்றித் தன் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். கடைத்தொகுதியொன்றில் அவருக்கு இரவுக் காவல் வேலை, பகலிலும் அழைப்பார்கள். குளியலறையிலிருந்து வாளியில் கொண்டுபோய் ஊற்றினேன். படிகளில் சிந்தியதற்கு மாமி ஒரு மணித்தியாலம் கதைத்தார். பின்னேரம் மாமா வந்து பிடியை மாட்டித் தன் பாத்திக்கு விட்டார். கயிற்றடிக்கு வந்ததும் குழாயை நிலத்தில் போட்டுவிட்டு, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என் செடிகளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என் பக்கமாகத்தான். சரிவு அப்படி.

ஜூலை 31

நாலில் ஒன்று ஆண்.

எல்லாவற்றிலும் உயரமானது அதுதான். கணுக்களில் சின்னச் சின்னப் பைகள் தொங்கின. அது வெடித்து மகரந்தம் விட்டால் மற்ற மூன்றும் விதை வைத்துவிடும். பிறகு அந்தப் பூவால் பயனில்லை. இன்று காலை வேரோடு பிடுங்கினேன். சுலபமாக வரவில்லை. குந்தியிருந்து, இரண்டு கையாலும் இழுத்து, பின்பக்கமாக விழுந்தேன்.

மாமா கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார். இந்தக் கோடையில் முதல் தடவையாக என்னோடு கதைத்தார்.

"வடிவா வளந்த கண்டை ஏன் பிடுங்கினீர்?"

"அது ஆண், மாமா."

அவர் இன்னும் ஏதோ கேட்பதற்காக நின்றார். ஊரில் அவர் புகையிலைத் தோட்டக்காரர். முப்பது வயது வரை வேறு தொழில் தெரியாது என்று நிரூபன் சொல்லியிருக்கிறார். எது பயிர், எதற்காக வளர்க்கிறோம், ஏன் ஆண் ஆகாது என்று நான் இரண்டு வசனத்தில் சொல்லியிருக்கலாம். கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

மாலையில் மாமியின் குரல், ஃபோனில், தன் தங்கையிடம்: "ஆம்பிளையெண்டு கண்டவுடனை பிடுங்கி எறிஞ்சிட்டாள். என்ரை பிள்ளை கவனமா இருக்கவேணும்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தலையணையால் வாயை மூடிக்கொண்டேன். இந்த வீட்டில் ஒருவர் நன்றாகப் பேசுகிறார் என்றால் அது மாமி.

ஆகஸ்ட் 15

வெள்ளிக்கிழமை. மாமியின் பஜனைக் குழு எங்கள் வீட்டில். வெக்கை தாங்காமல் எல்லாப் பெண்களும் பின்வளவுப் பக்கம் கதிரை போட்டுக்கொண்டார்கள். செடிகள் பூக்கத் தொடங்கிவிட்டன. காற்று அடித்தால் மணம் வீட்டுக்குள் வருகிறது.

மாமி ஆயத்தமாகத்தான் இருந்தார். என் மூலையை மறைத்து, கொடியில் தன் பழைய சேலைகளைக் காயப்போட்டிருந்தார். ஈரமே இல்லாத சேலைகள். மூன்று நாளாகத் தொங்குகின்றன. என் செடிகளுக்குப் பிற்பகல் வெயில் இல்லை.

"என்னடியப்பா ஒரு மணம்?" என்றார் ஒருவர்.

"ஸ்கங்க்" என்றார் மாமி, நாற்றம் பீச்சும் விலங்கின் மேல் பழியைப் போட்டு, இமைக்காமல். "கொட்டிலுக்குக் கீழ குடும்பமா வந்து கிடக்குது. நிரூபன்ரை அப்பா சிற்றிக்கு ஃபோன் அடிச்சுச் சொல்லிப்போட்டார்."

"எங்கட வளவுக்கையும் உதுதான் மணக்கிறது. பேரன்ரை அறைப் பக்கமா."

எல்லோரும் அவசரமாகத் தாளத்தைத் தட்டத் தொடங்கினார்கள்.

அவர்கள் போன பிறகு நான் சேலைகளை இழுத்து எடுத்து, மடித்து, மாமியின் கட்டிலில் வைத்தேன். படுக்கப் போகும்போது பார்த்தால் திரும்பவும் கொடியில் தொங்கின.

ஆகஸ்ட் 22

பூக்கள் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு விரல் தடிப்பு. அவற்றில் வெள்ளை மயிர் போலப் படிந்திருப்பது மெல்ல மண்ணிறமாக மாற வேண்டும், அப்போதுதான் வெட்டலாம் என்று வாசித்தேன். தினமும் போய்ப் பார்க்கிறேன். தொட்டால் விரலில் பிசின். அந்த விரலோடு நூலகத்துக்குப் போய் வேலை செய்கிறேன். வாழ்க்கையில் நான் கொண்டுவந்த ஒன்று வளர்ந்து நிற்பதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இந்த வசனத்தை வேறு விதமாக வாசிக்கலாம் என்று தெரியும். வாசிப்பவர் யாரும் இல்லை.

ஆகஸ்ட் 29

நல்ல நோவு. குளியலறைத் தரையில் கிடந்தேன். மாமி கதவைத் தட்டி, "உள்ளுக்க என்ன, வெறியோ?" என்று கேட்டார். பதில் சொல்ல மூச்சு வரவில்லை.

நிரூபன் வேலையிலிருந்து வந்து, என்னைத் தூக்கிக் கட்டிலில் விட்டு, கீழே போனார். தகப்பனோடு கனநேரம் கதைத்தது கேட்டது. மேலே வந்ததும் கேட்டேன்.

"என்ன சொன்னனீங்கள்?"

"உமக்கு வருத்தம் எண்டு. அதுக்குத்தான் அந்தச் செடி எண்டு."

"ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?"

"சிந்து, நீர் நிலத்தில கிடந்தனீர்."

"ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?"

அவர் போய் முன்னறையில் படுத்தார்.

செப்டெம்பர் 1

குழாயின் பிடி மூன்று நாளாகக் கழற்றப்படவில்லை, கொடியில் சேலைகளும் இல்லை. என் மூலையில் மண் ஈரமாக இருக்கிறது. நான் ஊற்றவில்லை. இரக்கத்தை இப்படித் தண்ணீராக வாங்குவதைவிட வாளி எனக்கு நல்லது.

செப்டெம்பர் 6

சனிக்கிழமை. நிரூபன் வேலைக்கு. மாமி கோயிலுக்கு. தேநீர் போட்டுக்கொண்டு குசினி யன்னலடியில் நின்றேன்.

மாமா கயிற்றைத் தாண்டி என் செடிகளுக்கு முன்னால் நின்றார். முதலில் ஒரு கிளையைப் பிடித்து வளைத்துப் பார்த்தார். பிறகு பெருவிரலையும் சுட்டுவிரலையும் வைத்து நுனிப் பூவைக் கிள்ளினார். மிகவும் பழகிய கை. பார்க்காமலே அடுத்த கிளைக்குப் போகிறது. கிள்ளியதை இடுப்பில் கட்டிய துவாய்க்குள் போட்டார். தேநீர் சூடாக இருந்தது, ஆற விட்டேன். முதலாவது செடி முடிந்தது. அவர் நிமிர்ந்து வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். காலை வெயில் கண்ணாடியில் நேராக அடிக்கும் நேரம். உள்ளே ஒன்றும் தெரிந்திருக்காது. இரண்டாவது செடிக்குப் போனார். தேநீரைக் குடித்து முடித்தேன். கேத்தலைக் கழுவினேன். அடியில் பிடித்திருந்த வெள்ளைப் படிவைக் கரண்டியால் சுரண்டினேன். அதற்கு நேரம் எடுத்தது. மூன்றாவதும் முடிந்தது. துவாயை அவிழ்த்துப் பச்சைத் தொட்டிக்குள் உதறினார். மாமியின் மீன் கழிவு கிடக்கும் தொட்டி அது.

மேலே போய்க் குளித்தேன்.

மத்தியானம் வளவுக்குப் போனேன். மூன்று செடியிலும் ஒரு பூ இல்லை. இப்படி ஒரு காரியம் நடக்கும் என்று நான் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை.

செப்டெம்பர் 7

நேற்று இரவுச் சாப்பாட்டில் கேட்டேன். உடனே கேட்கவில்லை. நிரூபனும் வந்து உட்கார்ந்த பிறகு கேட்டேன்.

"மாமா, என்ரை செடியில கை வைச்சது நீங்களோ?"

"ஓம் பிள்ளை." முகம் மலர்ந்திருந்தது. நாலு வருடத்தில் அந்த முகத்தை நான் கண்டதில்லை. "நீர் பூவை விட்டிட்டீர். பூ விட்டால் சத்தெல்லாம் அதுக்குத்தான் போகும். பொயிலைக்கும் உதுதான். பூவை முறிச்சாத்தான் இலை தடிக்கும், காரம் ஏறும். இனிப் பாரும், ரெண்டு கிழமையில இலை எப்பிடி வருகுதெண்டு."

"இலையில ஒண்டும் இல்லை. பூதான் மருந்து."

அவர் கையில் பிசைந்த சோறு இருந்தது. "பூவோ?"

"பூதான்."

"கஞ்சாக் கடைப் பலகையிலயெல்லாம் இலையைத்தானே பிள்ளை கீறி வைச்சிருக்கிறாங்கள்."

பிறகு மாமி ஏசத் தொடங்கினார். ஆனால் என்னை அல்ல. "உங்களை ஆர் கேட்டது? கையை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாதோ? ஊரில தோட்டம் செய்தனான், தோட்டம் செய்தனான் எண்டு. செய்து என்னத்தைக் கண்டனீங்கள்?"

நிரூபன் என்னைப் பார்த்தார். "மூண்டு செடியும் முறிக்கக் கனநேரம் எடுத்திருக்குமே. குசினி யன்னலால நேரே தெரியும். நீர் எங்க நிண்டனீர்?"

"குளிச்சுக்கொண்டு நிண்டனான்."

மாமா தலையை நிமிர்த்தினார். பிறகு குனிந்து, பிசைந்த சோற்றைச் சாப்பிட்டார்.

செப்டெம்பர் 9

ஒட்டாவாவுக்குப் பதில் அனுப்பினேன். ஓம் என்று.

செப்டெம்பர் 17

நிரூபன் ஒவ்வொரு நாளும் ஒரே வசனத்தைச் சொல்கிறார். "அப்பா தெரியாமல் செய்தவர்." நானும் ஒன்றையே சொல்கிறேன். "ஒருத்தர் கை வைச்சாலும் எண்டுதான் சொன்னனான். தெரிஞ்சு வைச்சால் எண்டு சொல்லேல்லை."

"அடுத்த வருஷம் திரும்ப நடலாம்தானே."

"நடலாம். நீங்கள் நடுங்கோ."

அவர் தகப்பனோடு கதைப்பதில்லை. மாமி புருஷனுக்குக் கோப்பையை மேசையில் வைக்கும் சத்தமும் மாறிவிட்டது. மாமா வேலைக்குப் போகிறார், வருகிறார், கத்தரிக்காய் ஆய்ந்து குசினி வாசலில் வைக்கிறார். யாரும் எடுத்து உள்ளே வைப்பதில்லை. நேற்று ஒரு அணில் எடுத்தது.

போர்கள் தொடங்குவதில் காரணம் வேறு, சாட்டு வேறு என்று வரலாற்றுக்காரர்கள் பிரித்து எழுதுவார்கள். காரணம் பழையது, நீண்டது, ஒருவருக்கும் நிரூபிக்க முடியாதது. சாட்டு ஒரு காலையில் நடப்பது. எனக்குச் சாட்டு எதுவும் தேவைப்படவில்லை. உடன்படிக்கை இருந்தது, அது முறிந்தது. அவ்வளவுதான்.

செப்டெம்பர் 24

மாமி என் அறைக்குள் வந்து, கட்டிலில் இருந்து, நான் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்குவதைப் பார்த்தார்.

"வருத்தம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருந்தால்?"

அவர் யோசித்தார். நேர்மையான மனுசி. "அப்பவும் ஊத்தித்தான் இருப்பன்" என்றார். "ஆனால் உனக்கு முன்னால ஊத்தியிருக்கமாட்டன்."

செப்டெம்பர் 29

நாளைக்குப் பஸ். பயணப் பெட்டி கராஜுக்குள், மேல்தட்டில் இருந்தது. எடுக்கப் போனேன்.

மாமா உள்ளே இருந்தார். கராஜின் குறுக்கே கயிறு கட்டி, என் செடிகளின் இலைகளைக் காம்போடு கோத்துத் தொங்கவிட்டிருந்தார். புகையிலைக்குச் செய்வது போல. இலைகள் உண்மையாகவே தடித்துத்தான் இருந்தன. ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். இவற்றால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டேனே, பிறகு எதற்கு என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அவர் ஏணியை வைத்து, பெட்டியை இறக்கி, தூசியைத் துவாயால் துடைத்தார்.

"ஒண்டு கேக்கட்டே, பிள்ளை?"

"கேளுங்கோ."

"அண்டைக்கு நீர் யன்னலுக்கை நிண்டனீர். கையில கோப்பை. முதல் கண்டை முடிச்சுப்போட்டு நிமிந்து பாத்தனான். நீர் ஒண்டும் சொல்லேல்லை. படிச்ச பிள்ளை, பாத்துக்கொண்டு நிக்குது, அப்ப நான் செய்யிறது சரிதான் எண்டு நினைச்சுத்தான் மற்றதுக்குப் போனனான்."

"நான் குளிச்சுக்கொண்டு நிண்டனான், மாமா."

"ஓம்" என்றார். "தம்பியிட்டயும் அப்பிடித்தான் சொன்னனீர்."

பெட்டியின் சில்லைச் சுழற்றிப் பார்த்தார். ஒன்று இறுகியிருந்தது. தட்டிலிருந்து எண்ணெய் எடுத்து இரண்டு சொட்டு விட்டு, ஓடுகிறதா என்று நிலத்தில் உருட்டினார்.

"அவனுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன். நீர் போம்."

நான் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சத்தமில்லாமல் உருண்டது.

மூன்று கிழமையாக மனைவி ஏசுகிறார், மகன் முகம் கொடுக்கவில்லை. ஒரு வசனம் சொன்னால் எல்லாம் என் பக்கம் திரும்பியிருக்கும். அவர் சொல்லவில்லை. சீசாவை ஊற்றியதை நான் மறந்துவிடுவேன். கயிறு, சேலைகள், சுற்றிப் போன வழி, எல்லாவற்றையும் ஒட்டாவாவில் ஒரு குளிர்காலத்தில் மறந்துவிடுவேன். இதை மட்டும் அவருக்கு நான் மன்னிக்கப்போவதில்லை.